ஆறு இன்ச் தளர்வு

என் வீட்டுக்காரர் தையல்காரர். நானும் தையல்காரிதான். ஒரே கடை, எதிரெதிரே இரண்டு மெஷின். இருபது வருஷமாக மதியம் ஒரு மணிக்கு இரண்டும் ஒன்றாக நிற்கும். கத்தரிக்கோலை ஒதுக்கிவிட்டு, துணி வெட்டும் மேஜையிலேயே சேர்ந்து சாப்பிடுவோம். அதில் மண்ணை அள்ளிப் போட்டவர் எங்கள் வாடிக்கையாளரான தபால்காரர்.

"மாஸ்டர், உங்க பேன்ட்டை நீங்களே தைக்கிறீங்களா, இல்ல கூடாரம் தைக்கிறவங்ககிட்ட குடுத்துடறீங்களா?"

இவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். ஆனால் அன்று மதியமே சாப்பாட்டைத் தொடவில்லை. கல்யாணத்துக்குத் தானே தைத்துப் போட்ட சாம்பல் நிற பேன்ட்டைத் தேடி எடுத்துக் கடையில் மாட்டினார். அன்றிலிருந்து ஆறாவது வெள்ளிக்கிழமை எங்கள் கல்யாண நாள், அன்றைக்கு இதைப் போட்டே தீருவாராம். வெள்ளிக்கு வெள்ளிதான் போட்டுப் பார்ப்பாராம். நடுவில் பார்த்தால் உடம்பு குழம்பிவிடுமாம்!

அதிலிருந்து வெந்நீரும் வெள்ளரிக்காயும்தான். நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால், பாம்பை அவிழ்த்துவிட்டதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வார். போங்களய்யா என்று நான் வீட்டுக்குப் போய்த் தனியாகச் சாப்பிட்டேன். சொல்வதற்கென்ன, அழுகையாக வந்தது. பருப்பு நன்றாக இருக்கிறது என்று சொல்ல எதிரே ஆள் இல்லாவிட்டால் சோறு தொண்டையில் இறங்குவதில்லை.

இதில் கூத்து என்னவென்றால், லைனிங் துணிச் சுருளுக்குப் பின்னால் பிஸ்கட் பாக்கெட்டுகள் இருந்தன. நான் தெருமுனை திரும்பியதும் மனுஷர் நின்றுகொண்டே, மெல்லக்கூட மெல்லாமல், திருடித் தின்பதுபோல் விழுங்கியிருக்கிறார். பட்டன் டப்பாவில் பாதி பட்டன், பாதி பிஸ்கட் தூள். கேட்டால் கூனிக் குறுகிப் போவார் என்று நான் கண்டுகொள்ளவில்லை.

ஐந்தாவது வெள்ளியிலும் பட்டனுக்கும் காஜாவுக்கும் மூன்று இன்ச் இடைவெளி. எனக்குப் பொறுமை போய்விட்டது. வியாழன் காலை அவர் நடக்கப் போனதும் பேன்ட்டின் பின்தையலைப் பிரித்தேன். அந்தக் காலத்தில் இவர் உள்ளே துணி தாராளமாக விட்டுத்தான் தைப்பார். மூன்று இன்ச் விட்டுத் தைத்து, இஸ்திரி போட்டு, இருந்த இடத்திலேயே மாட்டினேன். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாவது சாப்பிட உட்காரட்டுமே!

வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணி. சட்டை வாங்க வந்த தபால்காரர் நின்றுகொண்டிருந்தார். இவர் பேன்ட்டோடு திரைக்குப் பின்னால் போனார்.

"பாத்தியா! பட்டன் போட்டாச்சு!"

திரையைத் தள்ளிக்கொண்டு, இரண்டு கையையும் தூக்கியபடி வெளியே குதித்தார். குதித்தவர் இவர் மட்டும்தான். பேன்ட் கணுக்காலில் கிடந்தது. மேலே நான் தைத்துக் கொடுத்த பூப்போட்ட டவுசர்.

"மாஸ்டர், கூடாரம் சரிஞ்சிடுச்சு!" என்று தபால்காரர் மெஷின்மேல் சாய்ந்து சிரித்தார்.

இவரோ பேன்ட்டை எடுத்து முதல் காரியமாக உள்பக்கத்தைத் திருப்பினார். தையல்காரர் அல்லவா, மானம் அப்புறம்தான்.

"பின்னாடி தையல் உன் கை."

நான் பிடுங்கிப் பார்த்தேன். இரண்டு பக்கத் தையலிலும் ஒன்றரை ஒன்றரை இன்ச் விட்டிருந்தது.

"பக்கத்துல ரெண்டும் உங்க கை. எப்பப் பிரிச்சீங்க?"

"நேத்து மத்தியானம். நீ சாப்பிடப் போனப்போ."

"நான் நேத்து காலையில."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. இவர் மட்டும் மெதுவாகக் கேட்டார்.

"நீ ஏன் பிரிச்ச?"

"உங்ககூட உக்காந்து சாப்பிடத்தான். வேற எதுக்கு?"

"நானும் அதுக்குத்தாம்மா. பட்டன் போட்டாத்தான் உன் எதிர்ல உக்கார முடியும்னு நெனச்சேன்."

அதற்கப்புறம் யார் அழுதது, யார் சிரித்தது என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. டப்பாவை மேஜையில் திறந்தேன். பூப்போட்ட டவுசரோடேயே உட்கார்ந்தார். தபால்காரருக்கும் ஒரு தட்டு. இவர் நிதானமாக மென்று, "பருப்பு நல்லா வந்திருக்கு. இன்னும் கொஞ்சம் போடு" என்றார். அப்புறம் வயிறு நிறைந்ததும் தானாகவே, "போதும்மா."

அந்த பேன்ட் கடைசியில் யாருக்குப் பொருந்தியது தெரியுமா? தபால்காரருக்கு. ஆறு இன்ச்சும் கச்சிதம். வாயை மூடிக்கொண்டு வாங்கிப் போனார்.

இவர் எழுந்து போய், துணிச் சுருளுக்குப் பின்னாலிருந்த கடைசி பாக்கெட்டை எடுத்துவந்து மேஜை நடுவில் பிரித்து வைத்தார். டீயோடு ஆளுக்கு இரண்டு. மீதி, கடை மூடும் வரை அங்கேயே திறந்து கிடந்தது.