பனியில் ஒரு டோஃபு

விடியுமுன்பே அரவைக் கல் சுழலத் தொடங்கிவிட்டது. ஊறிய சோயாவை ஓக்புன் வாளி வாளியாகக் கொட்டினாள். டோஃபுக்கான சோயாப் பால் கொப்பரையில் பொங்க, ஆவி முகத்தைச் சுட்டது. முதுகில் இஞ்சியோன் துறைமுகத்தின் குளிர் குத்தியது. கொதிகலன் இருந்த மூலையில் சுவர்க் கரி இன்னும் போகவில்லை. அங்கேதான், கொதிகலன் வெடித்தபோது, உடன் வேலைபார்த்த பில்ரே வெந்து செத்தாள்.

அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்துகொள்ளும் மூடி அந்தக் கொதிகலனில் இருந்தது. ஆவி வீணாகிறதென்று முதலாளி பேக் அதைக் கம்பியால் இறுக்கிக் கட்ட வைத்தார். வெடித்துவிடும் என்று கொதிகலனைக் கவனித்துவந்த கிதே சொல்லிச் சொல்லி அலுத்துப்போனான். கிதே ஓக்புன்னின் தம்பி. கூலியைக் குறைத்தபோது எல்லாரையும் திரட்டி வேலையை நிறுத்தியவன். வெடித்த அன்றே போலீஸ் அவனைத்தான் இழுத்துப்போனது. முதலாளி மேலிருந்த ஆத்திரத்தில் மூடியை அவனே கட்டினானாம்.

தலைகீழாகத் தொங்கவிட்டு மூக்கில் மிளகாய்த் தண்ணீரை ஊற்றினார்கள். நகங்களைப் பிடுங்கினார்கள். கடைசியில் அவன் ஒப்புக்கொண்டான்.

ஓக்புன்னையும் பிடித்துப்போனார்கள். விழுந்த முதல் அறையிலேயே அவளுக்கு ஒரு காது போனது. பிறகு விசாரணை அதிகாரி குரலைத் தணித்தான். "தம்பி வெளிய வரணும்ல? இதுல ரேகை வை. காலையில விட்டுடறேன்." எழுத்தை உள்ளங்கையால் மறைத்திருந்தான். சிவப்பு மையில் பெருவிரலைத் தோய்த்து அவள் அழுத்தினாள்.

சிறையிலிருந்து வருகிறவன் முதல் வாய் டோஃபுதான், அந்த வெள்ளைச் சோயாக் கட்டிதான், தின்ன வேண்டும் என்பது ஊர் வழக்கம். தின்றால் மறுபடி உள்ளே போக மாட்டான். அன்றிரவு தன் கையாலேயே ஒன்று செய்து, துணியில் சுற்றி, காவல் நிலைய வாசலில் கொட்டும் பனியில் காத்திருந்தாள். வந்தது அந்த அதிகாரிதான். துணியைப் பிரித்து, விரலால் பிய்த்துத் தின்றான்.

"உப்பு கொஞ்சம் கம்மி."

அவள் ரேகை வைத்த தாளில், தம்பி மூடியைக் கட்டியதைக் கண்ணால் பார்த்ததாக எழுதியிருந்தது. கோர்ட்டில் அதைப் படித்தபோதுதான் அவளுக்கே தெரிந்தது. இல்லையென்று கத்தினாள். நீதிபதி நிமிரவில்லை. கிதேவுக்குப் பத்தாண்டு.

இன்று மேல்முறையீட்டு விசாரணை. கல்லை நிறுத்திவிட்டு அவள் கை கழுவும்போது பேக் உள்ளே வந்தார்.

"கோர்ட்டுப் பக்கம் ஒருத்தரும் போகக் கூடாது. ஓக்புன், பொய்ச் சாட்சி சொன்னேன்னு நீயே சொன்னா உன்னையும் உள்ள தள்ளுவாங்க. தெரியும்ல?"

"தெரியும் முதலாளி."

"தெரிஞ்சுமா?"

"ரேகை வெச்சது நான். அதை நான் சொல்லிடறேன். கம்பி கட்ட வெச்சது நீங்க. அதை நீங்க சொல்லுங்க."

டோஃபு அச்சுப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த மூத்த வேலைக்காரி மல்நியோ இடுப்பில் கட்டியிருந்த கவசத் துணியில் கையைத் துடைத்தாள். "அந்தக் கம்பியை நாங்களும்தான் பாத்தோம். யாரும் கேக்கலை. கேக்காத வரைக்கும் நல்லதுன்னு வாயை மூடிட்டு இருந்தோம். போதும்."

"கிழவிக்கு நாக்கு நீளுதே."

"பல்லு இருக்கறப்பவே பேசிடறேன் முதலாளி."

பேக் கதவைத் திறந்தார். வெளியே தடிகளோடு அவருடைய அடியாட்கள் நின்றார்கள்.

முதல் அடி மல்நியோவின் வாயில் விழுந்தது. அச்சுப் பெட்டிகள் சரிந்தன. வெள்ளைக் கட்டிகள் சிதறி, அவற்றின் மேல் ரத்தம் தெறித்தது. ஒருவன் ஓக்புன்னைக் கீழே தள்ளி, அவள் கையைத் தரையோடு அழுத்திப் பூட்ஸால் மிதித்தான்.

"ரேகை வெச்ச விரல் இதானே? இனி எப்படி மாத்திச் சொல்றேன்னு பாக்கறேன்."

எலும்பு முறிந்த சத்தம் நல்ல காதில் கேட்டது.

"வாயாலதாண்டா சொல்லப்போறேன்," என்றாள்.

மல்நியோ கொப்பரையிலிருந்து ஒரு வாளி கொதிக்கும் பாலை வீசினாள். அவன் அலறிக்கொண்டு விலகினான். உடன் வேலைசெய்யும் பெண்கள் ஓக்புன்னைத் தூக்கி நிறுத்தி, கையோடு கை கோத்துக்கொண்டார்கள். முதுகில் தடிகள் விழ விழ, பிடி இறுகியது. அப்படியே சாலைக்கு வந்தார்கள். துறைமுக வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மூட்டைக்காரர்கள் நின்று பார்த்தார்கள். பிறகு இருபுறமும் வந்து சேர்ந்துகொண்டார்கள். தடிகள் பின்தங்கின.

கோர்ட்டு வாசலில் சிறை வண்டி வந்து நின்றது. கயிற்றால் கட்டப்பட்டு இறங்கிய கிதே, வீங்கிய முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். காவலர்கள் அவனை உள்ளே தள்ளிப்போனார்கள்.

மல்நியோ கவசத் துணியின் மடியிலிருந்து மூலை உடைந்த ஒரு டோஃபுவை எடுத்துப் பனிமேல் வைத்தாள்.

"அக்கா, விடுதலை ஆனாத்தானே இது?" என்றாள் ஓக்புன்.

"போன தடவை நீ தனியா எடுத்துட்டுப் போனே. கண்டவன் தின்னான்," என்று ரத்தவாயோடு சிரித்தாள் மல்நியோ. "இப்ப எவன் கை வைக்கறான்னு பாப்போம்."

ஓக்புன் படியேறினாள். கதவருகே திரும்பிப் பார்த்தாள். பெண்கள் அந்த டோஃபுவைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள்.

"நீ போய்ச் சொல்லு. எங்களைச் சாட்சிக்குக் கூப்பிடற வரைக்கும் இங்கதான் இருப்போம்," என்றாள் மல்நியோ. "இது கெட்டுப்போனா நாளைக்கு வேற செய்வோம்."