ஐந்தாம் இருக்கையின் சட்டை

டெஸ்ஸா மல்லின்ஸ் படகோட்ட ஆசைப்பட்டுக் கல்லூரிக்கு வந்தவள் இல்லை. சேர்க்கை வரிசையில் எல்லோருக்கும் மேலே இவள் தலை தெரிந்தது. படகுப் பயிற்சியாளர் நேராக வந்து கையைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். அம்மா டென்னசியில் ஒரு கோழி ஆலையில் தொடைக்கறி பிரிக்கிறாள். அந்த வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இவள். மூன்று வருஷமாக உதவித்தொகை இல்லாமலே உள்ளங்கை கிழியத் துடுப்பிழுத்தாள். இப்போதுதான், கடைசி வருஷத்துக்கு முழு உதவித்தொகை என்று ஒரு தாள் திங்கட்கிழமை கையெழுத்துக்கு வரவிருந்தது. கொடுப்பது கல்லூரி இல்லை. சட்டையின் மார்பில் பெயர் போட்டிருக்கும் உடுப்புக் கம்பெனி.

சனிக்கிழமை காலை, போட்டிக்கு முன்னால், விளையாட்டு அலுவலகத்து கிரெட்சன் படகுத்துறைக்கு வந்தாள்.

"பொண்ணுங்களா, ஒரே விஷயம். தோத்தா சட்டையக் கழட்டி ஜெயிச்சவங்களுக்குக் குடுக்குற பழக்கம் இனிமே கெடையாது. கம்பெனி பேரு எதிராளி கைக்குப் போகக் கூடாதாம். ஒப்பந்தத்துல இருக்கு. திங்கக்கிழம நீங்க ஒம்பது பேரும் கையெழுத்துப் போடப்போற தாளுலயும் அந்த வரி இருக்கு."

"ஜெயிச்சா வாங்கிக்கலாமா மேடம்?" என்றாள் பிலார். படகின் வாலில் உட்கார்ந்து திசை பிடித்து, எட்டுப் பேரையும் வாயாலேயே விரட்டுகிற குள்ளச்சி அவள்.

"வாங்குறதப் பத்தி ஒண்ணும் எழுதல."

"ரொம்ப நல்ல ஒப்பந்தம் மேடம்."

டெஸ்ஸாவுக்குச் சிரிப்பு வரவில்லை. டெஸ்ஸாவைப் போலவே, எதிர்ப்படகிலும் ஐந்தாம் இருக்கையில் போன வருஷத்து ஓடெட்தான் இருந்தாள். அன்று தோற்றுவிட்டு, ஈரச் சட்டையைக் கழற்றி டெஸ்ஸாவின் கையில் வைத்து, "அடுத்த வருஷம் உன்னோடது எனக்கு" என்றவள். அந்தச் சட்டை இன்னும் டெஸ்ஸாவின் அறைச் சுவரில் தொங்குகிறது.

ஒரு முழத் தூரத்தில் தோற்றார்கள்.

ஓடெட்டின் ஆட்கள் கரையில் வரிசையாக நின்றார்கள். விஷயம் அவர்கள் காதுக்கும் எட்டியிருந்தது.

"பரவால்ல டெஸ்ஸா, உங்க ரூல் தெரியும். கைய மட்டும் குடு," என்றாள் ஓடெட்.

அந்தப் 'பரவால்ல'தான் சுட்டது. இந்தச் சட்டையை நனைத்தது யார் வியர்வை, கம்பெனியுடையதா? திங்கட்கிழமைத் தாள் கண்ணுக்குள் வந்து நின்றது. அது போனால் நாலாவது வருஷம் போகும். ஆலையில் அம்மாவுக்குப் பக்கத்து மேஜை எப்போதும் காலிதான்.

சட்டையைக் கழற்றினாள். உள்ளே போட்டிருந்த கறுப்புப் படகுடுப்போடு நின்று, சட்டையைப் பிழிந்து ஓடெட்டிடம் நீட்டினாள்.

"டெஸ்ஸா, திங்கக்கிழம உன் தாளு..." என்று ஆரம்பித்தாள் கிரெட்சன்.

"தெரியும் மேடம். போன வருஷம் நான் வாங்கினப்போ யாரும் தடுக்கல."

"நம்ம நெட்ட ஒட்டகமே கழட்டிருச்சு," என்றாள் பிலார். "மத்ததுங்களுக்கு என்னடி வேடிக்க?"

ஒன்பது சட்டைகளும் கை மாறின.

திங்கட்கிழமை, இல்லை என்ற பதிலை நேரில் கேட்டுவிடலாம் என்றுதான் டெஸ்ஸா அலுவலகத்துக்குப் போனாள். வெளியே பெஞ்சில் மற்ற எட்டுப் பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பிலாரின் கால் தரையில் படவில்லை.

"நீங்க எதுக்குடி வந்தீங்க?"

"அந்த வரி இருக்குற தாளுல நாங்களும் கையெழுத்துப் போட மாட்டோம். கம்பெனி வேணும்னா வெறும் சட்டைய படகுல உக்கார வெச்சுப் படம் எடுக்கட்டும்," என்றாள் பிலார்.

கதவைத் திறந்த கிரெட்சன் ஞாயிறு முழுக்கத் தூங்காதவள் போலிருந்தாள். ஒன்பது தாள்களை நீட்டினாள். எல்லாவற்றிலும் ஒரே வரி பேனாவால் அடிக்கப்பட்டிருந்தது.

"நான்தான் அடிச்சேன். கம்பெனி இன்னும் சரின்னு சொல்லல. உங்க கையெழுத்தோட அனுப்புறேன், வெள்ளிக்கிழம பதில் வரும்."

"முடியாதுன்னு வந்தா?" என்றாள் டெஸ்ஸா.

"ஒம்பது பேரும் மறுபடி இங்கயே வந்து உக்காருங்க. எனக்கும் ஒரு நாற்காலி போட்டுக்கிறேன்."

டெஸ்ஸா முதலில் கையெழுத்துப் போட்டாள்.

சாயங்காலம் பயிற்சிக்குப் போட அவளிடம் அணிச் சட்டை இல்லை. சுவரிலிருந்து ஓடெட்டுடையதை எடுத்து மாட்டிக்கொண்டாள். தோளில் கொஞ்சம் இறுக்கம்தான். துடுப்பு இழுக்க இழுக்கத் தளர்ந்துவிடும்.