ஈயச்சட்டியின் வலது காது

என் அண்ணன் நபோருக்குக் கடவுள் வாயை மட்டும்தான் வஞ்சனையில்லாமல் கொடுத்தார். கூடப்பிறந்த தங்கை நானே சொல்கிறேன். எங்கள் அல்வராதோ துறையில் ஒருத்தரை ஒருத்தர் நக்கலடிப்பது மீன் பிடிப்பதைவிடப் பெரிய தொழில். அதற்கு ஒரே சட்டம்தான்: எவனுக்குக் கோபம் வருகிறதோ அவன் தோற்றான். பெற்ற தாயையே இழுத்துப் பேசினாலும் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

வீட்டில் உலை கொதித்தது அண்ணி எர்லிந்தாவால். வீச்சுவலை விளிம்பில் கட்டும் ஈயக்குண்டுகளை வார்த்து விற்பாள். எங்கள் முற்றத்தில் செங்கல் அடுப்பு, அதன்மேல் வார்ப்பிரும்புச் சட்டி. சட்டிக்கு இரண்டு பக்கமும் காது மாதிரித் திரட்சி. காதில் துளை போட்டு, திருகு மரை வெட்டி, போல்ட் முறுக்கி, அந்த இரண்டு போல்ட்டிலும் வளையக் கைப்பிடி மாட்டியிருக்கும். ஈயம் உருகியதும் வளையத்தைச் சங்கிலியில் கோத்துத் தூக்கி, சட்டியைச் சாய்த்து அச்சில் ஊற்ற வேண்டும். தூக்கும்போது மொத்தக் கனமும் அந்த இரண்டு போல்ட்டில்தான் நிற்கும்.

ஈஸ்டர் முடிந்த வாரம், வலது காதில் மரை தேய்ந்து போல்ட் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. கொதிக்கிற ஈயம் அண்ணியின் இடது பாதத்தில் கொட்டியது. இரண்டு விரல் போயிற்று. அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இறங்கியபோது என் அண்ணன், அந்தப் பாவி, துறையில் எல்லோர் முன்னாலும் என்ன சொன்னான் தெரியுமா?

"வழி விடுங்கப்பா, வழி விடுங்க! நொண்டி ராணி வர்றாங்க! இனிமே செருப்புக்கடையில பாதி விலை குடுத்தாப் போதுமாம்!"

துறையே விழுந்து விழுந்து சிரித்தது. அண்ணியும் சிரித்தாள். வேறென்ன செய்வாள்? அன்றிலிருந்து அவள் பெயரே நொண்டி ராணி என்றாகிவிட்டது. மீன் வாங்கப் போனாலும் அதே பெயர், கோயிலுக்குப் போனாலும் அதே பெயர்.

கால் ஆறி வந்ததும் அண்ணனிடம் சொன்னாள். "யோவ், சட்டிய அபுந்தியோ லேத்துப் பட்டறைக்குத் தூக்கிட்டுப் போ. பழைய ஓட்டையப் பெருசாத் துளைச்சு, புது மரை வெட்டி, தடிச்ச போல்ட்டாப் போடச் சொல்லு. இன்னொரு தடவை கொட்டினா எனக்கு நடக்கக் கால் இருக்காது."

"சரி, சரி. அதெல்லாம் ஆயிரும்."

எங்கே ஆகும்? அவன் அபுந்தியோ முகத்தில் விழிக்க முடியாமல் கிடந்தான். அதற்கு முந்தின மாதம் சாராயக்கடையில் இவன்தான் வாயைக் கொடுத்தான். "என்னடா அபுந்தியோ, நாளுக்கு நாள் ஊதிக்கிட்டே போறே? பட்டறையில இரும்பத் திங்கிறியா?"

"நான் எதையோ சம்பாதிச்சுத் திங்கிறேன் மாப்ள. உனக்கு உன் நொண்டில்ல ஊட்டுறா!"

கடை அதிர்ந்தது. அண்ணன் கண்ணாடித் தம்ளரைச் சுவரில் விட்டெறிந்தான். கோபப்பட்டான், தோற்றான். அதற்குப் பிறகு அவன் பட்டறை வாசலை மிதித்தால், "ஊட்டி விட்டாங்களா?" என்றுதான் அபுந்தியோ கேட்பான். அதைக் கேட்பதைவிடச் சாவதே மேல் என்று நினைத்திருப்பான் என் அண்ணன்.

அதனால் என்ன செய்தான்? சட்டியைப் படகுக் கொட்டகைக்குத் தூக்கிப் போனான். ரேடியோவுக்குப் பற்ற வைக்கிற ஈயக்கம்பியை உருக்கி, தேய்ந்த ஓட்டைக்குள் விட்டு, அதிலேயே போல்ட்டை நிறுத்தி ஆறவைத்தான். ஊருக்கெல்லாம் ரேடியோ பழுது பார்க்கிறவன் அவன். அந்தக் கம்பி நம் ஈயத்துக்கு முன்னாலேயே உருகிவிடும் என்று அவனுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அதன் பக்கத்தில் நிற்கப்போவது யார் என்பதும் தெரியும். மனுஷனா அவன்?

மடவை மீன் வரத்துத் தொடங்கியது. குண்டு கேட்டு வலைக்காரர்கள் முற்றத்தில் கூடிவிட்டார்கள். அபுந்தியோவும் காபித் தம்ளரோடு வந்து மதிலில் சாய்ந்து நின்றான். அண்ணன் காலிச் சட்டியைச் சங்கிலியில் மாட்டித் தூக்கி, அதில் தானே தொங்கிக் காட்டினான். போல்ட் அசையவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள்.

அண்ணி குனிந்து வலது காதைப் பார்த்தாள். போல்ட்டைச் சுற்றி வெள்ளி மாதிரி ஒரு கோடு மின்னியது. கத்தி முனையால் கீறினாள். வெண்ணெய் மாதிரிச் சுருண்டு வந்தது. இரும்பு இப்படிச் சுருளாது என்று பக்கத்தில் நின்ற எனக்கும் தெரிந்தது.

"மரை வெட்டுனது யாரு?" என்று கேட்டாள்.

"நான்தான். என் கையால."

"சத்தியமா?"

"கன்னி மரியா மேல சத்தியம். போதுமா?"

"அண்ணே, இது வேலைக்கு ஆகாது. அபுந்தியோ இங்கதான நிக்கிறான், குடுத்துரு," என்றேன் நான்.

"நீ வாயப் பொத்திக்கிட்டுப் போடி!" என்று கத்தினான். அபுந்தியோ மதிலோரம் புன்னகைத்தான்.

அண்ணி நிமிர்ந்தாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "ஐயா, கேளுங்க. என் புருஷன் கல்யாணமானதிலிருந்து முதல் முறையா ஒரு வேலை செஞ்சிருக்காரு. முதல் ஊத்து அவரு கையால ஊத்துனாத்தான் மரியாதை. என்ன ராஜா, ஊத்துறீங்களா? இல்ல, நொண்டிப் பொண்டாட்டியே ஊத்தட்டுமா?"

முற்றம் முழுக்க ஊளையிட்டது. "ஊத்து நபோர்! ஊத்து! பயமா இருந்தா பொண்டாட்டி பாவாடையப் புடிச்சுக்க!"

அண்ணன் முகம் வெளுத்தது. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், "இது ரேடியோ ஈயம்" என்று. அண்ணி அதற்காக அவன் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதை நான் பார்த்தேன். ஆனால் மதிலோரம் அபுந்தியோ நின்றானே.

"எனக்கென்னடி பயம்?" என்றான். சிரித்தான்கூட.

ஈயம் உருகியது. அண்ணன் சங்கிலியை இழுத்தான். செங்கல்லை விட்டு ஒரு சாண் எழும்பியது சட்டி. வலது போல்ட் சத்தமே இல்லாமல் கழன்று விழுந்தது. சட்டி குடை சாய்ந்து, மொத்த ஈயமும் அவன் இரண்டு பாதத்திலும் கொட்டியது.

அந்த அலறலை எழுத எனக்குத் தெம்பில்லை. தண்ணீர் ஊற்றப் போனவனை ஒருவன் பிடித்து இழுத்தான், ஈயம் தெறிக்கும் என்று.

அண்ணி சுற்றிலும் பார்த்தாள். "என்னய்யா எல்லாம் ஊமையாயிட்டீங்க? என் காலுக்குச் சிரிச்சீங்கல்ல? சிரிங்க."

யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. பிறகு அவள்தான் அவன் தலையைத் தாங்கிப் பிடித்து வண்டியில் ஏற்றினாள்.

அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, சட்டியை அபுந்தியோதான் சரி செய்தான். முற்றத்திலேயே உட்கார்ந்து, ஓட்டையைப் பெரிதாக்கி, எண்ணெய் விட்டு மரை வெட்டித் தடித்த போல்ட்டை முறுக்கினான். கொண்டு வந்த காபி ஆறுவதற்குள் வேலை முடிந்தது. நாற்காலியில், இரண்டு காலும் கட்டோடு, என் அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அபுந்தியோ எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, வாசல்வரை போய்த் திரும்பினான்.

"நொண்டி ராஜா, ஊட்டி விட்டாங்களா?"

குண்டுக்காகக் காத்து நின்ற வலைக்காரர்கள் வெடித்துச் சிரித்தார்கள். அண்ணி கரண்டியில் சோற்றை எடுத்து அண்ணன் வாயருகே நீட்டினாள். அண்ணன் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். கோபப்பட்டால் தோற்றுவிடுவானே. வாயைத் திறந்து, பல்லைக் காட்டிச் சிரித்தான்.