நேர்கோட்டில் நாற்பது நிமிஷம்

தையல்காரியின் புருஷனுக்கு அவள் வீட்டார் வைத்த பெயர் விஞ்ஞானி. விற்பதென்னவோ ஃபிரிட்ஜும் ஏசியும்தான். ஆனால் கையில் போன் இருந்துவிட்டால் மனிதருக்குத் தெரியாத விஷயமே உலகத்தில் கிடையாது. கேட்காமலேயே சொல்வார். சொல்லிவிட்டு எதிரே இருப்பவர் மூஞ்சியை ஒரு பார்வை பார்ப்பார் பாருங்கள், பற்றிக்கொண்டு வரும்.

பக்கத்துத் தீவில் இருந்த அவள் அப்பாவுக்கு மறுநாள் விடிந்ததும் இதய ஆபரேஷன். பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் அவள் தம்பியிடம் சொல்லிவிட்டார். உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால் அப்பாவை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். காலைக் கப்பலில் ஏறினால் பொழுது சாயப் போய்ச் சேரலாம். பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"நாள் பூரா கப்பல்ல வாந்தி எடுத்துக்கிட்டுப் போகப்போறியா? இந்தா பாரு." விஞ்ஞானி போனை நீட்டினார். இரண்டு தீவுகளின் விமான நிலையங்களையும் இணைத்து ஒரு கோடு. பக்கத்தில் தூரம். கீழே பறக்கும் நேரம், நாற்பது நிமிஷம். "மத்தியானம் சாப்பிட்டுக் கிளம்பினாகூட உன் தம்பி டீ போடறதுக்குள்ள போயிடலாம்."

"டிக்கெட் எடுத்துட்டீங்களா?"

"அங்க போய் எடுத்துக்கலாம். இது என்ன வெளிநாடா? விஷயம் தெரிஞ்சவன் சொன்னா கேளு."

கேட்டாள். அப்பாவின் தீவில் போன வருஷம்தான் விமான நிலையம் கட்டியிருந்தார்கள். பிளைட்டும் இருக்கும் என்று நம்பிவிட்டாள், பாவம். கப்பல் போய்விட்டது.

டாக்சியில் ஏறியதும் டிரைவருக்குப் பாடம் ஆரம்பமானது. விமானம் எவ்வளவு உயரத்தில் போகும், காற்று எதிர்த்தால் எவ்வளவு தாமதமாகும் என்று வழிநெடுக ஒரே அறுவை. டிரைவர் ரேடியோவைச் சத்தமாக வைத்துத் தப்பித்தார். அவளுக்கு அந்த வசதியும் இல்லை.

விமான நிலையக் கவுண்டரில் இருந்த பெண் கேட்டுவிட்டு இல்லையென்று தலையாட்டினாள். "சார், இங்கேருந்து அங்க பிளைட்டே கிடையாது. தலைநகரம் போய் மாறணும். அதுவும் நாளைக்குச் சாயங்காலம்தான்."

விஞ்ஞானி அசருவாரா? கையிலிருந்த போனைக் கொண்டு கவுண்டர் கண்ணாடியைத் தட்டினார். "அப்ப இது என்ன? நாப்பது நிமிஷம்னு போட்டிருக்கே!"

"அது எந்த ரெண்டு ஊர் பேரைக் கொடுத்தாலும் கணக்குப் போட்டுச் சொல்லும் சார். பிளைட் நாங்கதானே விடணும்?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மனிதர் வெட்கப்பட்டாரா என்றால் அதுவும் இல்லை. "இவங்களுக்குத் தொழில் பண்ணத் தெரியல. எவ்வளவு நல்ல ரூட் தெரியுமா இது?" என்று மனைவியிடம் வந்து விளக்கினார். மாமனார் சாகக் கிடக்கிறார், இவருக்கு ரூட்! தூ.

அவள் தம்பிக்குப் போன் போட்டு அப்பாவிடம் கொடுக்கச் சொன்னாள்.

"எங்கம்மா இருக்கே?" குரல் இழுத்துக்கொண்டு வந்தது.

"வர முடியலப்பா. கப்பலை விட்டுட்டேன். இவர் பேச்சைக் கேட்டு..."

"சரி, விடு. மாப்பிள்ளையைத் திட்டாதே, என்ன?"

"சரிப்பா."

அப்பா ஆபரேஷன் மேசையிலேயே போய்விட்டார். அவருக்குக் கடைசியாகக் கொடுத்த வாக்கை அவள் இன்றுவரை மீறவில்லை. அந்த ஆளைப் பார்த்து ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. அதனால்தான் அவள் பங்குக்கும் சேர்த்து நாம் திட்ட வேண்டியிருக்கிறது.