வழித்த வரப்பு

"மேடம் கேட்டா இன்னா சொல்லுவ?"

"அஞ்சு வருஷமா தரிசுன்னு சொல்றேங்க."

"மாத்திச் சொன்னா?"

ரோட்டோரம் நின்ற ஜேசிபியைக் காட்டிச் சிரித்தான் புரோக்கர் மணிபாரதி. செங்கமலம் திரும்பி வீட்டைப் பார்த்தாள். நிலத்து மூலையில்தான் அவள் வீடு. இருபது வருஷமாகக் குடியிருக்கிறாள். பட்டா இல்லை, இடம் நிலக்காரருடையது.

பாகூர் ஏரித் தண்ணீர் பாய்கிற நிலம். புதிய திட்ட வரைபடத்தில் அதற்குப் பச்சை அடித்திருந்தார்கள், விவசாயத்துக்கு மட்டும் என்று. தரிசு என்று ஆகிவிட்டால் பச்சையை மாற்றச் சொல்லி மனை போடலாம். அதற்காகவே மணிபாரதி முந்தாநாள் ஜேசிபியை விட்டு அறுத்த நெல் தாளையும் வரப்பையும் ஒரே மட்டமாக வழித்திருந்தான்.

நிலத்தைப் பார்வையிட வந்த நகரமைப்பு அலுவலகத்து வைஜெயந்தி ஜீப்பிலிருந்து இறங்கினாள்.

"வாய்க்கால் மதகைக் காட்டுங்கம்மா."

செங்கமலம் முன்னால் நடந்தாள். தரிசு, தரிசு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனாள். கொஞ்ச தூரம் போய் இடது பக்கம் திரும்பினாள். அப்புறம் வலது.

"மதகு நேராத் தெரியுதே. ஏம்மா சுத்திப் போறீங்க?"

செங்கமலம் சட்டென்று நின்று காலடியைப் பார்த்தாள். இல்லாத வரப்பின் மேலேயே நடந்து வந்திருக்கிறாள். நட்ட வயலை மிதித்துப் பழகாத கால்.

"முள்ளு இருக்கும்மா..."

"எங்க முள்ளு? சிமெண்ட் தரை மாதிரி கிடக்கு."

"அதுக்கு வயசாயிடுச்சு மேடம், அவுத்து வுட்ட மாடு மாதிரி போவுது," என்றான் மணிபாரதி.

வைஜெயந்தி சிரிக்கவில்லை. செங்கமலம் மிதிக்காமல் விட்ட இடத்தில் வெட்டச் சொன்னாள். உதவியாள் வீரப்பன் இரண்டு வெட்டு வெட்டியதும் நெல் வேர் கொத்தாக வந்தது. இன்னும் மட்கவில்லை.

"இது எப்ப நட்டது?"

செங்கமலம் கிட்டே போய் மெதுவாகக் கேட்டாள். "உண்மைய சொன்னா என் வூடு நிக்குமாம்மா?"

"நிலத்தைப் பத்தித்தான்மா நான் எழுத முடியும்."

"அப்ப தரிசுதாம்மா. அஞ்சு வருஷமா."

வைஜெயந்தி வேரைப் படம் எடுத்தாள், எழுதினாள், ஜீப்பில் ஏறிப் போய்விட்டாள்.

"இன்னாடி நடை அது? எவன் சொல்லிக் குடுத்தான்?"

"சாமி சத்தியமா தெரியாம நடந்துட்டேங்க. வாயால தரிசுன்னுதான சொன்னேன்?"

மணிபாரதி ஜேசிபி டிரைவரைப் பார்த்துக் கையசைத்தான்.

செங்கமலம் வீட்டுக்கு ஓடினாள். உள்ளே அவள் புருஷன் செல்லப்பன் சோற்றில் கை வைத்திருந்தான்.

"யோவ், எழுந்திரு! சிலிண்டர கழட்டி வெளிய எடு!"

"இன்னாடி ஆச்சு?"

 வெளியே இன்ஜின் உறுமியது. அவள் அரிசிப் பானையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.