பதிந்த எண்

அண்ணன் முகேஷ்குமார் வெல்டராக வேலை பார்க்கும் நாட்டில் போர் தொடங்கி இரண்டாவது வாரம். நம்மவர்களை எல்லைவரை பஸ்ஸிலும் அங்கிருந்து விமானத்திலும் அழைத்துவர அரசு ஏற்பாடு செய்திருக்கிறது. பஸ் போகும் நேரத்தில் குண்டு போடக்கூடாது என்று இரண்டு தரப்போடும் பேசிவிட்டதாக டிவியில் சொன்னார்கள். பெயர் பதிந்தவர்களை அதிகாரிகளே கூப்பிடுவார்களாம். போன் உடைந்துபோனதால் அண்ணன் அம்மாவின் எண்ணைப் பதிந்திருந்தான்.

கூப்பிடவே இல்லையே என்று இன்று மாலை டைப்பிங் வகுப்புக்குப் போகும்போது உதவி மையத்துக்கு நானே போன் செய்தேன். வேடசந்தூரில் பஸ் ஏறியபோது தொடங்கிய காத்திருப்பு இசை, திண்டுக்கல்லில் இறங்கும்போதுதான் நின்றது.

“பல தடவை கூப்பிட்டோம்மா. எடுத்து எடுத்து கட் பண்றாங்க. வேற வழியில வந்துட்டாருன்னு நெனச்சு பேரை எடுத்துட்டோம்” என்றார் ஒரு பெண்.

“வரலை மேடம். நான் தங்கச்சி, எங்கிட்டயே கேளுங்க.”

“பதிஞ்ச நம்பர்லதாம்மா கேக்கணும். நாளைக்குக் காலையில கடைசி பஸ். மறுபடி கூப்பிடச் சொல்றேன், எடுக்கச் சொல்லுங்க.”

வகுப்புக்குப் போகாமல் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினேன். அம்மா மில் ஷிப்ட் முடிந்து வந்து கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“இந்தில பேசுனானுகடி. நீதானே இந்தின்னா கட் பண்ணுன்ன?”

நான்தான் சொன்னேனா, போன் மோசடி பற்றி மில்லில் நடந்த கூட்டத்தில் போலீஸ்காரர் சொன்னாரா என்று எனக்கே நிச்சயமில்லை.

“கட் மட்டுந்தான் பண்ணியாம்மா?”

“கடைசியா நல்லா வஞ்சு விட்டேன். பெறகு பாண்டிச்செல்விகிட்ட குடுத்து இனிமே வராம பண்ணிட்டேன்.”

பக்கத்து வீட்டுப் பாண்டிச்செல்வி இரண்டு எண்களைத் தடுத்து வைத்திருந்தாள். ஒன்று டெல்லி. இன்னொன்று வெளிநாடு. இரண்டையும் விடுவித்தேன்.

முதலில் வந்தது கடன் வேண்டுமா என்று கேட்கும் கம்பெனி. “வணக்கம்யா, எம் மகன் பேரு முகேஷ்குமாரு” என்று அம்மா ஊர், தெரு எல்லாம் சொன்னாள். அவனே வைத்துவிட்டான்.

அடுத்தது டெல்லி. தமிழ் தெரிந்தவரைப் பிடித்திருந்தார்கள். ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பேச்சு.

“ஏனுங்கம்மா, பையனோட பாஸ்போர்ட் நம்பர் கொஞ்சம் சொல்லுங்க.”

அம்மாவின் முகம் மாறியது. “நம்பரெல்லாம் சொல்லமாட்டேன்.”

“சரி பார்க்கறதுக்குத்தானுங்க.”

“நீ நெசமாவே கவர்மெண்டுன்னா எம் மகன் இப்ப எங்க இருக்கான்னு சொல்லு, பாப்போம்.”

“அதைத்தானுங்கம்மா உங்ககிட்ட கேக்கறோம்.”

போனைப் பிடுங்கி, நகலைப் பார்த்து எண்ணைப் படித்தேன். கடைசியாகப் பேசியபோது அண்ணன் சொன்னபடி, ஆஸ்பத்திரி எதிரே இருக்கும் பேக்கரியின் நிலவறையில் தங்கியிருக்கிறான் என்றேன். பதிந்த எண்ணில் யார் பேசினாலும் பரவாயில்லை போலிருக்கிறது. நான் யார் என்று அவர் கேட்கவே இல்லை.

“பேர் சேர்த்தாச்சுங்க. பஸ் பேக்கரிக்கு வராது. ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி ஸ்கூல் இருக்குது, விடியறதுக்கு முன்னாடி அங்க நிக்கோணும். அவருகிட்ட நீங்க சொல்லிருங்க.”

“நாங்களா? வேடசந்தூர்ல இருந்தா?”

“எங்களுக்கு வேற நம்பர் இல்லீங்களே.”

தடுத்து வைத்திருந்த வெளிநாட்டு எண்ணுக்கு அடித்தேன். யாரோ ஒருவர் எடுத்து, புரியாத மொழியில் கத்திவிட்டு வைத்தார். திரும்ப அடித்தால் போகவில்லை. அம்மா அடுப்பைப் பற்றவைக்கவில்லை.

வெகுநேரம் கழித்து அந்த எண்ணிலிருந்தே வந்தது. அம்மா முந்திக்கொண்டு எடுத்தாள்.

“ஏம்மா இம்புட்டு நாளா எடுக்கல? கெஞ்சிக் கெஞ்சி அடுத்தவன் போனை வாங்கிப் பேசுறேன்” என்றது குரல். ஒரே இரைச்சல்.

“முகேசுதானா? முகேசுன்னா ஒங்கப்பா பேரச் சொல்லு.”

“அம்மா!”

“சொல்லுலே.”

நான் அவள் தோள் மேலாகக் கத்தினேன். “அண்ணே, ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி ஸ்கூலு. விடியறதுக்கு முன்னாடி. கடைசி பஸ்ஸு.”

“ஸ்கூலா? சரி, நிக்கிறேன். பொன்னுத்துரை, போதுமாம்மா?”

இணைப்பு அறுந்தது. அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டாள்.

“அவன்தான்டி” என்றாள்.