பாலத்தில் காய்ந்த நெல்

தீபாவளி கழிந்த மறுவாரமே செந்தாமரை டெல்லியில் ரயில் ஏறிவிடுவாள். முப்பத்தாறு வருஷம் அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஊரார் நெஞ்சுச் சளியையெல்லாம் கவனித்துவிட்டுத் தன் நெஞ்சில் அந்த ஊர்ப் புகையை வாங்கிக்கொண்டாள். "குளிர் முடியிற வரைக்கும் இந்தப் பக்கமே இருக்காதீங்க" என்று டாக்டர் சொன்னபோது மகன் இனியவன் பயந்துபோனான். செந்தாமரைக்கோ லாட்டரி விழுந்த மாதிரி இருந்தது. இது மூன்றாவது வருஷம். மாசி பாதி வரைக்கும் வலங்கைமானுக்குப் பக்கத்தில் நெடுங்கரையில், தம்பி ஐயாவு வீட்டு மாடி அறைதான் அவளுக்கு.

மார்கழியில் நெடுங்கரையே குல்லாவும் மப்ளருமாகத் திரியும். டீக்கடை அஸார் காதை மூடிக்கொண்டு, "பனி கொல்லுதுங்க" என்பார். டெல்லிக் குளிரில் கிடந்தவளுக்கு இதெல்லாம் ஒரு பனியா? விடியற்காலையில் ஒற்றைப் புடவையோடு வாய்க்கால் கரையில் கையை வீசி நடப்பாள். முதல் வருஷம் கரை வழுக்கி வாய்க்காலுக்குள் விழுந்தாள். முழங்கால் அளவுத் தண்ணீர்தான், ஆனால் அவளைத் தூக்க வந்த நாலு பேரில் இரண்டு பேர் தாங்களும் விழுந்ததால் விஷயம் பெரிதாகிவிட்டது. போன வருஷம் வயல்நண்டு ரசம் குடித்து முகம் வீங்கி, தனக்குத் தானே ஊசி போட்டுக்கொண்டாள். நடந்து வந்ததும் தெருவில் பத்துப் பேருக்காவது பிரஷர் பார்ப்பாள். உப்பைக் குறைக்கச் சொல்லிக் கேட்காதவர்களை நடுத்தெருவில் நிறுத்தித் திட்டுவாள். ஓய்வு என்றால் என்னவென்று அவளுக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை.

இந்த வருஷம் வந்து இறங்கிய அன்றே ஐயாவு மனைவி செவ்வந்தி நொண்டி நடப்பதைப் பார்த்துவிட்டாள்.

"கால்ல என்ன?"

"ஒண்ணுமில்ல அண்ணி. நடவுல நத்தை ஓடு கிழிச்சிட்டு. மஞ்சள் வச்சிருக்கேன்."

செந்தாமரை உட்கார்ந்து துணியைப் பிரித்தாள். செவ்வந்திக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. வலி தெரியாத கால் என்பதால் புண் சத்தமில்லாமல் சுண்டுவிரல் வரைக்கும் போயிருந்தது. அன்றைக்கே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். திங்கள், புதன், வெள்ளி வந்து கட்டுப் பிரித்துச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும், அதற்கும் மேலே முக்கியம், நடக்கவே கூடாது என்றார் டாக்டர். நடந்தால் முதலில் விரல் போகும், பிறகு பாதம் போகும்.

நடக்கக் கூடாதென்றால் பஸ் வேண்டும். பஸ் என்றால் ஒன்பதே கால் டவுன் பஸ். அது செவ்வந்தி வீட்டு வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில், வாய்க்கால் பாலத்தின் மேல்தான் போகிறது. பாலத்துப் பக்கத்தில் 'பேருந்து நிறுத்தம்' என்று பலகைகூட எழுதி வைத்திருக்கிறது. ஆனால் அந்தப் பஸ் விட்ட நாளிலிருந்து ஊரில் நிற்கும், இவர்களுடைய காலனித் தெருவில் நிற்காது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்காமலே எல்லோருக்கும் தெரியும். தெருக்காரர்கள் ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்து கடைத்தெருவுக்குப் போய், தங்கள் தெருவைத் தாண்டி வரும் அதே பஸ்ஸில் ஏறுவார்கள்.

ஐயாவுக்குக் கண்புரை, வண்டி ஓட்டுவதில்லை. செந்தாமரை இருக்கிற வரைக்கும் ஆட்டோவுக்கு அவள் கொடுப்பாள். அவள் போய்விட்டால் செவ்வந்தி யாரிடமும் சொல்லாமல் நடந்தே போவாள், அல்லது போகாமலே இருந்துவிடுவாள். இரண்டில் எது நடந்தாலும் அடுத்த தீபாவளிக்கு வரும்போது அந்தக் கால் இருக்காது. எத்தனையோ கால்கள் போனதைப் பார்த்தவள் செந்தாமரை. இந்தக் காலை விடுவதில்லை என்று முடிவு கட்டினாள்.

முதலில் மரியாதையாகக் கை காட்டிப் பார்த்தாள். பஸ் புழுதியைக் கொடுத்துவிட்டுப் போனது. பிறகு பஸ் டிப்போ ஆபீஸில் மனு கொடுத்தாள். மனு பெறப்பட்டது என்று போனுக்கு மெசேஜ் வந்ததோடு சரி. ஒரு நாள் செவ்வந்தியைக் கடைத்தெரு வரைக்கும் ஆட்டோவில் கூட்டிப்போய், அங்கே பஸ் ஏறி, டிரைவர் இராஜாங்கத்திடம் நேரிலேயே கேட்டாள்.

"அங்கல்லாம் நிறுத்துறதில்லம்மா" என்றார் அவர், திரும்பிப் பார்க்காமல்.

"பலகை இருக்குங்களே."

"பலகை இருக்கும். டிக்கெட்டுல ஸ்டேஜ் கிடையாது." கண்டக்டர் யூனுஸ் தலையைக் குனிந்துகொண்டு சில்லறையை எண்ணினார். நல்ல மனுஷர்தான், ஆனால் ஸ்டியரிங் அவர் கையில் இல்லை.

அந்த ஆத்திரத்தோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோதுதான் செந்தாமரை அதைப் பார்த்தாள். தை மாதம், சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. ரோட்டில் பாதியை மறித்து யாரோ நெல் காயவைத்து, ஓரத்தில் செங்கல் அடுக்கியிருந்தார்கள். மனிதர்களுக்கு நிறுத்தாத இராஜாங்கம் நெல்லைக் கண்டதும் வேகத்தைக் குறைத்தார். வண்டியை ஒதுக்கி, ஒரு மணி நெல் மேலும் டயர் படாமல் தாண்டினார். எதிரே வந்த லாரிக்காரன் ஒதுங்காமல் வர, இவர் தலையை வெளியே நீட்டி, "நெல்லு மேல ஏத்துறியே, சோறு திங்கிறியா வேற எதுவும் திங்கிறியா?" என்று திட்டினார்.

செந்தாமரை வழி நெடுகச் சிரித்துக்கொண்டே வந்தாள். புண் சுத்தம் செய்த நர்ஸுக்கு அந்தச் சிரிப்பு புரியவில்லை.

அந்த வாரமே ஐயாவின் வயலில் மெஷின் அறுத்தது. நெல்லில் ஈரம் அதிகம், காயவைக்காமல் கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள். ஐயாவு சாக்குகளைக் களத்துக்குக் கொண்டுபோகப் பார்த்தார்.

"களத்துக்கு வேணாம். பாலத்துல போடு" என்றாள் செந்தாமரை.

"அக்கா, பாலம் குறுகலு. பாதி ரோட்ட நம்ம எடுத்துக்கிட்டா மீதியில பஸ்ஸு போவாது."

"தெரியும். நேத்தே டேப் வச்சு அளந்துட்டேன்."

 ஐயாவு சின்ன வயதிலிருந்து அக்காவோடு வாதாடி ஜெயித்ததில்லை. சாக்கைத் திரும்பத் தலையில் ஏற்றிக்கொண்டார்.

திங்கட்கிழமை பனி விலகி வெயில் ஏறியதும் நெல்லை விரித்தார்கள். எல்லோரும் செய்கிறபடி பாதி ரோடு மட்டும், ஓரத்தில் செங்கல். சைக்கிள், பைக், ஆட்டோ எல்லாம் தாராளமாகப் போயின. ஆம்புலன்ஸ் வந்தால் தள்ளிவிட நெல் தள்ளும் பலகையைக் கையிலேயே வைத்துக்கொண்டாள். செவ்வந்தி வேலி மறைவில் நின்றாள். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"வேணாம் அண்ணி. ஏதாவது சொல்லிடுவாங்க."

"சொல்லட்டும். பஸ்ஸு நின்னதும் நீ பின்வாசல்ல ஏறிடு."

பஸ் வந்தது, ஹாரன் அடித்தது, நின்றது. இராஜாங்கம் இறங்காத குறையாக எட்டிப் பார்த்தார்.

"பாலத்துல எவன் நெல்லு காயவச்சது?"

"எவனும் இல்லைங்க, நான்தான்" என்றாள் செந்தாமரை. "இதோ தள்ளிடுறேன். வயசாயிட்டு, கொஞ்சம் மெதுவாத்தான் வரும்."

பலகையால் இத்தனூண்டு தள்ளினாள், நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள், மறுபடி இத்தனூண்டு தள்ளினாள். காலையில் நாலு கிலோமீட்டர் நடந்த இடுப்பு அது. யூனுஸ் பின்கதவைத் திறந்து செவ்வந்திக்குக் கை கொடுத்தார். அவள் உட்கார்ந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்த பிறகே செந்தாமரைக்கு வேகம் வந்தது. மீதி நெல்லை ஒரே மூச்சில் ஒதுக்கிவிட்டுப் பலகையை ஐயாவிடம் எறிந்து, தானும் ஏறிக்கொண்டாள்.

புதன்கிழமையும் இதேதான். வெள்ளிக்கிழமையும் இதேதான். அடுத்த வாரம் இராஜாங்கம் கடுப்பாகிவிட்டார்.

"இன்னுமா காயலை உங்க நெல்லு?"

"ஈரப்பதம் இருக்குங்களே" என்றாள் அவள், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

நெல் இரண்டே நாளில் காய்ந்துவிட்டது. காய்ந்த நெல்லைத்தான் அவள் திரும்பத் திரும்பக் காயவைத்தாள். "இதுக்கு மேல காஞ்சா பொரியாத்தான் போவும்க்கா" என்று ஐயாவு தவித்தார். பஸ்ஸில் வரும் பெண்களுக்கு இது காலை வேடிக்கையாகிவிட்டது. பாலம் நெருங்கும்போதே சிலர் சிரிக்க ஆரம்பித்தார்கள். செவ்வந்தி மட்டும் ஒரு நாளும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்தபடி ஏறுவாள், தலையைக் குனிந்தபடி இறங்குவாள். ஆனால் புண்ணின் ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் புதுச் சதை பிடித்திருந்தது. அதைப் பார்த்த அன்று செந்தாமரை மாடிக்குப் போய்த் தனியாகக் கொஞ்சம் அழுதாள்.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. கொள்முதல் நிலையத்தில் ஐயாவின் முறை வந்துவிட்டது. இதை விட்டால் அடுத்து எப்போது என்று சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை நெல் முழுவதும் சாக்கில் ஏறிப் போய்விட்டது. செந்தாமரைக்கு வியாழக்கிழமை ரயில்.

"டிக்கெட்ட மாத்தட்டுமா?" என்று அன்று சாப்பிடும்போது கேட்டாள்.

"மாத்தி?" என்றாள் செவ்வந்தி. அவ்வளவுதான் சொன்னாள்.  ஒரு வாரம் தள்ளிப் போகலாம், ஒரு மாதம் தள்ளிப் போகலாம். காலம் முழுக்க இந்தப் பாலத்தில் நின்று ஒரு பஸ்ஸை மறிக்க முடியுமா?

திங்கட்கிழமை காலை பாலம் துடைத்துவிட்ட மாதிரி வெறிச்சென்று கிடந்தது. செந்தாமரை ஆஸ்பத்திரி நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நின்றாள். செவ்வந்தி வழக்கம்போல அவளுக்குப் பின்னால் நின்றாள். இரண்டு வாரமாக நின்ற வண்டி, பழக்கத்திலாவது நிற்கும் என்று செந்தாமரை உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருந்தாள். இவ்வளவு கெட்டிக்காரிக்கும் அந்த அசட்டு நம்பிக்கை இருந்தது.

பஸ் திருப்பத்தில் தெரிந்தது. கையை உயர்த்தினாள். நெல் இல்லை என்று இராஜாங்கம் தூரத்திலேயே பார்த்துவிட்டார். வண்டி வேகம் குறையவில்லை, கூடியது.

"நிறுத்துங்க" என்று கத்தினாள் செந்தாமரை. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

அப்போது அவளை உரசிக்கொண்டு செவ்வந்தி முன்னால் போனாள். கட்டுப் போட்ட காலை இழுத்துக்கொண்டு பாலத்தின் நடுவுக்குப் போனாள். நெல் விரித்திருந்த இடத்தில் உட்கார்ந்து, அந்தக் காலை ரோட்டுக்குக் குறுக்கே நீட்டினாள்.

பிரேக் அலறியது. பஸ் பத்தடி தள்ளி நின்றது. செந்தாமரை உயர்த்திய கையை இறக்காமல் நின்ற இடத்திலேயே நின்றாள். 

இராஜாங்கம் இறங்கியே வந்துவிட்டார். 

"சாவணுமா உனக்கு? அதான் நெல்ல எடுத்தாச்சில்ல? இன்னும் என்ன?"

செவ்வந்தி இந்த முறை தலையைக் குனியவில்லை. குரலும் உயரவில்லை.

"நெல்லு போயிட்டுங்க," என்றாள். "நட்டவ இருக்கேன்."

 இராஜாங்கம் அந்தக் கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். இரண்டு வாரமாகப் பின்வாசலில் ஏறிய காலை அவர் இன்றுதான் பார்க்கிறார்.  திரும்பிப் போய் சீட்டில் ஏறி இன்ஜினை அணைத்தார்.

"ஏறுங்க," என்றார், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "மெதுவா ஏறுங்க. வண்டி நிக்கும்."

அதற்குள் யூனுஸ் வந்து கை கொடுத்திருந்தார். செந்தாமரையும் ஓடிவந்து தோளைப் பிடித்தாள். செவ்வந்தி எழுந்து நின்று, புடவையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, செந்தாமரை கையிலிருந்த ஆஸ்பத்திரி நோட்டை வாங்கிக்கொண்டாள்.

"நீங்க இருங்க அண்ணி. நானே போயிட்டு வந்துடுறேன்."

பின்வாசலுக்குப் போகவில்லை. முன்வாசலில் ஏறி டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தாள். பஸ் பாலத்தைத் தாண்டிக் கடைத்தெருப் பக்கம் போனது.

செந்தாமரை அங்கேயே நின்றாள். புதன்கிழமை அது நிற்குமா என்று அவளுக்குத் தெரியாது. நிற்காவிட்டால் பாலத்தில் யார் போய் உட்காருவார்கள் என்று தெரியும். வியாழக்கிழமை டெல்லிக்குக் கிளம்பலாம் என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது.